உயிருக்கு ஒரு விலாசம், மெய்க்கு ஒரு விலாசம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் ஒரு நாளைக்கு அரைப் பக்கத்துக்கு மேல் பேனா பிடிக்கக் கூடாதாம். பிசியோதெரபி அம்மாவின் உத்தரவு. தட்டச்சுப் பேச்சையே எடுக்கக் கூடாது. வலது மணிக்கட்டின் வெளிப்பக்கம், சுண்டுவிரலிலிருந்து இறங்கி வருகிற ஏதோ ஒரு தசைநார் வீங்கியிருக்கிறது. கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். கூட்டங்களில் மற்றவர்கள் பேசுவதை அப்படியே தட்டச்சு செய்து திரையில் காட்டுகிற வேலை என்றேன். "அவங்க பேசுறதுக்கு உங்க கை வீங்குதா?" என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் என் தொழிலை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அலுவலகத்தில் விடுப்பு சொல்லியாயிற்று. அது பிரச்சினை இல்லை. ஏப்ரல் 17 தான் பிரச்சினை. அன்று என் தங்கை வாலுவுக்கு முனைவர் பட்டத்தின் வாய்மொழித் தேர்வு. எட்டு வயதில் காய்ச்சலில் அவளுக்குக் காது போனது. பேச்சு போகவில்லை, வாலும் போகவில்லை. பெயர் அப்படித்தான் நிலைத்தது. அவள் வாயால் பேசுவாள், வீட்டில் எங்கள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள், வெளியில் மற்றவர்கள் பேசுவதைத் திரையில் படிப்பாள். கல்லூரி முதல் வருஷத்திலிருந்து அந்தத் திரைக்கு அடிப்பவள் நான். கடைசி நாளும் நானே என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அரைப் பக்கம் தாண்டிவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 4, புதன்

இடது கையால் பல் துலக்கினேன். மூக்கும் சுத்தம்.

மார்ச் 6, வெள்ளி

கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். வாலு அடுத்த நொடியே கேட்டாள்: "பின்னாடி என்ன ஒளிச்சு வெச்சிருக்க? எனக்குப் பரிசா?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றை அவள் துறையில் வாங்கியிருக்கிறார்கள், அதைப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். சோதித்துப் பார்க்க, என் வீட்டுக்காரரை அவளுடைய ஆய்வேட்டின் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். வாலு ஆராய்ந்தது மண்புழுக்களை. இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மண்புழுக்களின் செரிமானப் பாதை" என்று வாசித்தார். திரையில் வந்தது: "மன்னிப்புகளின் சன்மானப் பாதை."

மூன்று பேரும் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. வாலுதான் முதலில் நிறுத்தினாள். "கேள்வியே இப்படி வந்தா நான் என்னக்கா பதில் சொல்றது? மன்னிப்புதான் கேக்கணும்."

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு ஏற்பாடு சொல்லியிருக்கிறாராம். ஏப்ரல் 10 அன்று ஒத்திகை. நான் நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் அடித்துக் காட்டினால் தேர்வுக்கும் நானே. முடியாவிட்டால் மென்பொருள், அல்லது தேர்வை எட்டு மாதம் தள்ளி வைப்பது. அவளுக்கு வரவேண்டிய வேலை அந்த எட்டு மாதம் காத்திருக்காது. அவள் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மார்ச் 9, திங்கள்

இவர் கடைக்குப் போய் ஒரு விசைப்பலகையோடு வந்தார். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் பள்ளம். அடுப்பின் மேல் மறந்து வைத்துவிட்டு எடுத்ததுபோல் இருந்தது. "கைக்கு இதமா இருக்கும்னு கடைக்காரர் சொன்னாரு" என்றார். எந்தக் கைக்கு என்று கேட்டிருக்க வேண்டும். விசைகள் எல்லாம் சேற்றில் கால் வைத்ததுபோல் அமுங்குகின்றன; அமுக்கினேனா இல்லையா என்று விரலுக்கே தெரியவில்லை. சந்தேகத்தில் இன்னும் ஓங்கி அடிக்கிறேன். ஐந்தே நிமிஷம். பிறகு ஐஸ் கட்டி.

அன்பாக வாங்கி வந்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது எப்படி என்று யோசித்தேன். அவரே அதில் தன் பெயரை அடித்துப் பார்த்துவிட்டு, "இது திரும்பிப் போற சாமான்தான்" என்று பெட்டியில் போட்டார்.

மார்ச் 12, வியாழன்

கணினிக்குப் பதினைந்து நிமிஷம் அனுமதி கிடைத்தது. இடது கையால் சுட்டியை உருட்டி, அந்தப் பதினைந்தையும் அதற்கு மேல் அறுபதையும் விசைப்பலகைகளைப் பார்ப்பதிலேயே செலவழித்தேன்.

நான் இத்தனை நாள் எங்கே இருந்தேன்? ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியாக ஒரு சின்ன எந்திரம், உள்ளே ஒரு சுருள் கம்பி. நிறத்துக்கு ஒரு வகை: நீலம் என்றால் டக் டக் என்று சத்தம். சிவப்பு என்றால் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பு என்றால் பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்ன முட்டு, சத்தம் குறைவு. பலகையையே இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை இந்தத் தோளுக்கு நேராகவும் மறு பாதியை அந்தத் தோளுக்கு நேராகவும் வைத்துக்கொள்ளலாம். அப்போது மணிக்கட்டு வெளிப்பக்கம் வளையவே வளையாது. இதைச் சொல்லக் கணவரின் அலுவலகத்துக்கே தொலைபேசியில் கூப்பிட்டேன். "என்ன ஆச்சு, ஏதாவது அவசரமா?" என்றார். "இல்ல, பழுப்புன்னு ஒண்ணு இருக்கு" என்றேன்.

நானே அடித்துக் கொடுத்த வாலுவின் ஆய்வேட்டில் 'மண்புழு' எத்தனை முறை வருகிறது என்று தேடினேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. நான் பழகிய விசை அமைப்பில் ழ எங்கே இருக்கிறது? வலது சுண்டுவிரலுக்குக் கீழே, மூலையில். வீக்கம் எங்கே? அதே விரலின் அடியில். கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டேன். மாலையில் இவரிடம் சொன்னேன். "எறும்பு, தேனீன்னு ஏதாவது எடுத்திருக்கலாம்ல" என்றார்.

மார்ச் 14, சனி

இணையத்தில் கண்டுபிடித்த விசைக்காரரிடம் நானும் வாலுவும் போனோம். பக்கத்து ஊர், மாடியில் ஒற்றை அறை. பிரித்துப் போட்ட பலகைகளும், ஈயப் பற்று வைத்த வாசனையும், உட்காரக் கிடைத்த ஒரே நாற்காலியில் ஒரு தூங்கும் பூனையும். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கேட்கிறபடி விசைப்பலகை செய்து கொடுப்பதே தொழில். மேசையில் மாதிரி விசைகள் பதினெட்டு இருந்தன. ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போனேன். ஜவுளிக்கடையில்கூட நான் இப்படிக் கண்மண் தெரியாமல் ஆடியதில்லை. நீலத்தை அமுக்கியதும் சிரிப்பே வந்துவிட்டது. அதுதான் வேண்டும் என்றேன்.

"மேடம், மைக் பக்கத்துல இதை வெச்சு அடிச்சீங்கன்னா கேள்வி கேக்குறவருக்கு அவர் கேக்குற கேள்வியே கேக்காது" என்றார் விசைக்காரர். சரி, சத்தமே இல்லாத சிவப்பு என்று முடிவு செய்தோம்.

அப்போது வாலு உள்ளங்கையை மேசை மேல் பரப்பி வைத்தாள். "ஒவ்வொண்ணுலயும் வேகமா அடி" என்றாள். அடித்தேன். சிவப்புக்குத் தலையை ஆட்டினாள். "இது வேணாம். ஒண்ணுமே தெரியல." விசைக்காரருக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்: "அக்கா அடிக்கிறது மேசை வழியா என் கைக்கு வரும். நின்னா, எதிர்ல இருக்கவங்க யோசிக்கிறாங்கன்னு அர்த்தம். வேகமானா, கோவமா பேசுறாங்கன்னு அர்த்தம். திரையில அதெல்லாம் வராதுல்ல."

பத்து வருஷத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மேசையில் கையை வைத்திருப்பது அவள் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பழுப்பு. காது கேட்கிறவர்களுக்குத் தொந்தரவில்லை, வாலுவின் உள்ளங்கைக்குப் போய்ச் சேர்கிறது. விசைக்காரர் தன் உள்ளங்கையையும் மேசை மேல் வைத்துப் பார்த்தார். பிறகு, "இத்தனை வருஷமா காதை வெச்சே தேர்ந்தெடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டார்.

ழ விஷயத்தையும் சொன்னேன். "அதுக்கென்ன, கட்டைவிரலுக்குக் கொண்டு வந்துடலாம். இடைவெளி விசைக்குப் பக்கத்துலயே ஒரு விசை சும்மாதான் கிடக்கும்" என்றார். எனக்கு அவர் பூனையைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. விண்ணப்பத் தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டு வாரமாகும்.

மார்ச் 25, புதன்

இன்னும் வரவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு மூன்று முறை ஓடினேன். ஒன்று தண்ணீர் கேன். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர். மூன்றாவது இவர், எதிர்பார்ப்போடு கதவைத் திறந்த மனைவியைப் பார்த்து மனிதர் பூரித்துப்போனார். உண்மையைச் சொல்லவில்லை.

மார்ச் 28, சனி

வந்துவிட்டது. பாதி.

பெட்டிக்குள் இடது பாதி மட்டும். மேலே 'உயிர்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. எங்கள் விசை அமைப்பில் உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. விசைக்காரர் வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார். பெட்டியைக் கவிழ்த்தேன், உதறினேன். மெய் இல்லை.

வாலு சும்மா இருப்பாளா? ஒவ்வொரு பாதியும் தனியாகவே வேலை செய்யும் என்று தெரிந்ததும், கணினியில் சொருகி அடிக்கத் தொடங்கினாள். ஆ. ஈ. ஊ. ஐ. ஓ. வலது பக்கம் போகாமல் இடது பக்கமே தங்கிவிட்ட மெய்கள் இரண்டு உண்டு, வ-வும் ங-வும். அதனால் 'ஆவி' வந்தது. "அக்கா, பேய்ப்படத்துக்கு முழு வசனமும் இதுலயே எழுதிடலாம்" என்று அடித்துக் காட்டினாள்:

ஊ ஊ ஆ ஆவி ஐஐஐ வா வா

நான் சிரிக்கிற நிலைமையில் இல்லை. ஒத்திகைக்குப் பதிமூன்று நாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள்; திரையில் மற்றதையெல்லாம் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டு வைத்தாள். வா. "உருப்படியா இது ஒண்ணுதான் சொல்லுது, பாரு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட வைத்தாள்.

மார்ச் 30, திங்கள்

விசைக்காரருடன் பேசினேன்.

"மெய் எங்கங்க?"

"மெய்யாவே அனுப்பிட்டேன் மேடம்."

"மெய் வரலைங்க."

"பொய் சொல்லல மேடம், மெய்யைத்தான் சொல்றேன்."

ஐந்து நிமிஷம் இப்படியே போனது. பிறகு விஷயம் வெளியே வந்தது. விண்ணப்பத் தாளில் நான் இரண்டு விலாசம் எழுதியிருக்கிறேன்: வீட்டில் ஆள் இல்லாவிட்டால் வாலுவின் துறைக்கு அனுப்பட்டும் என்று. அவர் உயிரை என் வீட்டுக்கும் மெய்யை அவள் துறைக்கும் அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "பலகை ரெண்டு பாதி, விலாசம் ரெண்டு, அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. பாகப்பிரிவினைன்னு நெனச்சேன் மேடம்."

கோபப்பட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. அவரும் சிரித்தார். வாலு உடனே துறைக்கு ஓடினாள். அலுவலக எழுத்தர் மின்விசிறிக்குக் கீழே காகிதங்கள் பறக்காமலிருக்க அதை மேலே வைத்திருந்தாராம். "நல்ல கனமா இருக்கும்மா, எங்க வாங்கினீங்க?" என்று விசாரித்தாராம்.

மார்ச் 31, செவ்வாய்

மெய் வீடு வந்து சேர்ந்தது. சேர்ப்பதற்கு முன்னால் அதை மட்டும் சொருகிப் பார்த்தேன். இது என்ன எழுதும்? உயிர் இல்லை, புள்ளியும் அந்தப் பக்கம்; ட்ட, ந்த மாதிரி சேர்ந்து வருகிற மெய்களுக்கு மட்டும் புள்ளி தானாக விழும். கலகல. பளபள. தகதக. கமகம. நறநற. படபட. இரட்டைக்கிளவி மொத்தமும் இந்தப் பாதியில் குடியிருக்கிறது. சத்தமும் வாசனையும் வெளிச்சமும் இங்கே. கூப்பிடுவது மட்டும் அங்கே. நான் அடிக்க அடிக்க வாலு சத்தமாக வாசிக்க, இவர் குளியலறையிலிருந்து, "என்னடி நடக்குது அங்க?" என்று கேட்டார். நான் உதட்டசைவில் அதைச் சொல்ல, "சளசள" என்று கத்தினாள் வாலு.

ஏப்ரல் 3, வெள்ளி

முடியவில்லை. கட்டைவிரலுக்கு ழ-வைக் கொண்டு வந்தாயிற்று, சரி. ஆனால் அந்தக் கட்டைவிரல் பதினோரு வருஷமாக இடைவெளி மட்டுமே போட்டுப் பழகியது. இவர் செய்தித்தாளை வாசிக்க, நான் அடித்தது:

இன்றுழகாலைழமுதல்ழபலத்தழமழை

'மழை'யில் மட்டும் ழ சரியான இடத்தில். நிமிஷத்துக்கு இருபத்தைந்து சொல். பழைய பலகையில் எண்பது. இன்னும் ஒரு வாரம்தான். எதுக்கு இந்த வேண்டாத வேலை எனக்கு? வலிச்சா வலிச்சிட்டுப் போகுதுன்னு பழசுலயே அடிச்சுத் தொலைச்சிருக்கலாம். பொம்மை கிடைச்ச பிள்ளை மாதிரி ஆடிட்டு, இப்ப அவளோட படிப்பை வெச்சு விளையாடிக்கிட்டு இருக்கேன். அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?

ஏப்ரல் 4, சனி

வாலுவுக்கு ழ-க்கள் நிறைந்த அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டேன். முழுவதையும் தடங்கலில்லாமல் வாசித்து முடித்தாள். "எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல. இடைவெளி இருக்கற இடத்துல எல்லாம் ஒரு மண்புழு படுத்திருக்கு, அவ்வளவுதான்" என்றாள். பிறகு அந்த ழ விசையின் தலையில் ஒரு சொட்டு நகச்சாயம் வைத்து மேடாக்கினாள். விரலுக்கு இனித் தட்டுப்படும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பிசியோ அம்மாவிடம் இரண்டு பாதிகளையும் பையில் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மேசையிலேயே பரப்பி வைத்து அடித்துக் காட்டினேன். குனிந்து என் மணிக்கட்டைப் பக்கவாட்டில் பார்த்தார். "நேரா இருக்கே" என்றார், நம்பாமல். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் சரி என்று எழுதிக் கொடுத்தார். நான் கிளம்பும்போது, "இது எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவாரா?" என்று கேட்டார். ஒரே விலாசம் எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இல்லை, அங்கிருந்து கிளம்பியவள் நான். சந்தோஷத்தில் எழுத்து தாறுமாறாக ஓடுகிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

ஒத்திகை. நாற்பத்து மூன்று நிமிஷம். வழிகாட்டி வேண்டுமென்றே வேகமாகப் பேசினார், மூச்சுக்கு மூன்று மண்புழு. அத்தனையும் முழு உடம்போடு திரைக்குப் போயின. இடைவெளிக்குப் பதிலாக ழ விழுந்தது இரண்டே இடத்தில். வாலுவின் உள்ளங்கை மேசையை விட்டு எழவே இல்லை. வழிகாட்டி தலையசைத்தார். வலி? கொஞ்சம். சுண்டுவிரல் பக்கம் இல்லை, முழங்கையில். வருகிற வழியில் கதவில் இடித்துக்கொண்டது அது.

ஏப்ரல் 16, வியாழன்

நாளைக்கு. கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கையும் என்னைப் பார்க்கிறது.

ஏப்ரல் 17, வெள்ளி

இன்று எழுத முடியாது. வலியால் இல்லை.

ஏப்ரல் 18, சனி

எழுதிவிடுகிறேன். அரைப் பக்கக் கணக்கு இன்றைக்கு இல்லை.

வாலுவே நேற்றுக் காலை கதவில் ஒட்டியிருந்த 'வாய்மொழித் தேர்வு' என்ற தாளைப் பார்த்துவிட்டு, "எனக்குக் கைமொழித் தேர்வு, அதுவும் உன் கை" என்றாள். நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று தேர்வாளர்கள். இந்தப் பக்கம் அவள், பக்கத்தில் நான். இடது பாதி அவள் பக்கமாக, வலது பாதி இந்தப் பக்கமாக, தோள் அகலத்துக்கு. சுவரில் பெரிய திரை. கடைசி வரிசையில் இவர்; கைக்குட்டையோடு.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சொற்களை மென்று விழுங்குகிறவர். முதல் கேள்வியில் பாதி அவர் மீசைக்குள்ளேயே நின்றுவிட்டது. நான் விடவில்லை, அதையும் பிடித்து அடித்தேன். ஒருமுறை அவர் நடுவில் நிறுத்தினார், நானும் நிறுத்தினேன். வாலு அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "நீங்க யோசிக்கிறீங்க, அதுக்குள்ள இதைச் சொல்லிடுறேன்" என்று அடுத்த படத்தைக் காட்டினாள். அவர் அதிசயித்துப்போனார். எப்படித் தெரிந்தது என்று எனக்கும் மேசைக்கும்தான் தெரியும்.

நாற்பது நிமிஷத்தில் ஒருமுறை ஓய்வு, பிறகு இன்னொரு முப்பத்தைந்து. மூவரும் வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார்கள். அந்த மீசைக்காரர் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

நான் அடிக்க ஆரம்பித்தேன். ஆனால் என் இடது கை என்னைக் கேட்காமல் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டுவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. வலது கை, ஆறு வாரமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்தக் கை, மட்டும் நிற்காமல் தன் பாதியை அடித்து முடித்தது. பெரிய திரையில், எல்லோர் முன்னாலும்:

மனர பட்டத்தக்கப பரந்தரக்கறம

அறையில் ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மீசைக்காரர் திரையைப் பார்த்து, "நான் இப்படிச் சொல்லலையே" என்றார். கடைசி வரிசையில் இவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

வாலு ஒரே பார்வையில் படித்துவிட்டாள். உயிர் ஒன்றுகூட இல்லை அதில். எங்கெங்கே எது வரும் என்று அவளுக்குத் தெரியும்: முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம். என்னைத் திரும்பிப் பார்த்தாள். தன் பக்கம் அனாதையாகக் கிடந்த இடது பாதியை இழுத்தாள். அது என்ன சொல்லும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டே விசை. திரையில், என் மெய்களுக்குக் கீழே:

வா

எழுந்து அவளிடம் போனேன்.